மியூசிக் மேன் லூக் 3: எதைக் கேட்டாலும் வாசித்தாக வேண்டியவர்களுக்கான கிட்டார்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். சாயங்காலம் மேடை ஏறினால் இறங்குகிற வரைக்கும் எந்தப் பாட்டு வந்தாலும் ஒரே எலக்ட்ரிக் கிட்டாரை வைத்துச் சமாளிக்க வேண்டும், மறுநாள் காலையில் யாரோ ஒரு இசையமைப்பாளரின் வீட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்து அவர் மனதில் இருக்கிற சத்தத்தைப் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும், இதுதான் உங்கள் பிழைப்பு என்றால் இந்த கிட்டாரை யோசிக்காமல் வாங்கலாம். வீட்டில் ஆசைக்கு வாசிக்கிறவர், ஒரே பாணியில் ஊறியவர், ப்ளூஸ் மட்டும் அல்லது மெட்டல் மட்டும் என்று இருப்பவர், உங்களுக்கு இது வேண்டாம். அந்தக் காசில் உங்கள் பாணிக்கென்றே செய்த நல்ல கிட்டார் ஒன்றும் அதற்குத் தோதான ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி ஒன்றும் வாங்கிவிடலாம்.

நான் வாங்கியது பழையது, அதாவது செகண்ட் ஹேண்ட். நான் தேடியபோது புதியது அமெரிக்காவிலேயே மூவாயிரம் டாலர் அளவில் இருந்தது. அதை இங்கே வரவழைத்தால் வரி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்து எங்கே போய் நிற்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், நான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பழையது தேடினேன்.

கம்பெனியைப் பற்றி இரண்டு வரி. மியூசிக் மேன் 1970-களில் தொடங்கியது, ஃபெண்டர் கிட்டாரை உருவாக்கிய லியோ ஃபெண்டரும் அதில் இருந்தார். 1984-ல் எர்னி பால் அதை வாங்கினார்கள், நாம் எல்லோரும் போடுகிற அந்த ஸ்லிங்கி ஸ்ட்ரிங் கம்பெனிதான். கலிஃபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில் தயாராகிறது. சரி, கம்பெனி போதும், லூக் என்று பெயர் வரக் காரணமான ஆளுக்கு, ஸ்டீவ் லூக்கதர் என்ற அமெரிக்க கிட்டாரிஸ்டுக்கு வருவோம், ஏனென்றால் இந்த கிட்டாரைப் புரிந்துகொள்ள அந்த ஆள் என்ன வேலை பார்த்தார் என்று தெரிய வேண்டும். ஹீரோக்களின் பெயர் போட்ட கிட்டார்களில் பெரும்பாலானவை அவர்களுடைய ஒரே ஒரு சத்தத்தை நமக்கு விற்கின்றன. ஸ்டீவ் லூக்கதருக்கு அப்படி ஒரே ஒரு சத்தம் கிடையாது. அடுத்தவர் பாட்டுக்கு என்ன தேவையோ அதுதான் அவர் சத்தம், அதுவே அவருடைய தொழிலாக இருந்தது.

லூக்கதர் 1957-ல் பிறந்தவர், லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குக்காரர். சின்ன வயதில் பீட்டில்ஸ் கேட்டு, அதிலும் ஜார்ஜ் ஹாரிஸனைக் கேட்டுப் பைத்தியமாகி கிட்டார் எடுத்தவர், ஆரம்பத்தில் தானாகவே கற்றுக்கொண்டார். கிராண்ட் உயர்நிலைப் பள்ளியில் பொர்காரோ சகோதரர்கள் கிடைத்தார்கள். அவர்களில் மூத்தவரான ஜெஃப் பொர்காரோ இருபது வயதைத் தாண்டுவதற்குள்ளேயே பெரிய இடங்களில் ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். லூக்கதருக்கும் அந்த வழி தெரிந்தது. ஆனால் அந்த வழியில் போக ஒன்று தேவைப்பட்டது, இசைக்குறிப்பு எழுதின தாளைப் பார்த்தவுடன் வாசிக்கிற பழக்கம். அதற்காக ஜிம்மி வைபிள் என்ற ஜாஸ் கிட்டார் வாத்தியாரிடம் போய் உட்கார்ந்தார். ராக் வாசிக்கிற பையன்கள் அந்த வயதில் செய்யாத வேலை அது. நம் ஊரிலும் இளையராஜாவின் ஸ்டாஃப் நோட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்தவர்களுக்கு இருந்த மதிப்பு தெரியும்தானே, அதே கதைதான்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. பத்தொன்பது, இருபது வயதில் பாஸ் ஸ்கேக்ஸ் என்ற பாடகரோடு டூர் போனார், அவருடைய 1977 ஆல்பத்திலும் வாசித்தார். ஸ்கேக்ஸுக்கு வாசித்த டேவிட் பைச், ஜெஃப் பொர்காரோ, டேவிட் ஹங்கேட் ஆகியோரோடு சேர்ந்து உருவானதுதான் டோட்டோ என்ற ராக் பேண்ட். முதல் ஆல்பம் 1978-ல் வந்தது. இன்னொரு பக்கம் ஜே கிரேடன் போன்ற மூத்த செஷன் கிட்டாரிஸ்டுகள், அதாவது அடுத்தவர் ரெக்கார்டிங்குக்குக் கூலிக்கு வாசிப்பவர்கள், தங்களால் போக முடியாத வேலைகளுக்கு இந்தப் பையனைக் கைகாட்டினார்கள். இந்தத் தொழிலில் விளம்பரம் கிடையாது, நாலு பேர் உங்கள் பெயரை நாலு இடத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சென்னையிலும் இன்றுவரை அதுதான் நடக்கிறது. ஒரு கீபோர்டு வாசிப்பவர் போனில் உங்கள் பெயரைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு எவ்வளவு வாசிக்கத் தெரிந்தும் புண்ணியமில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் செஷன் என்பது மூன்று மணி நேரக் கணக்கு, இசைக்கலைஞர் சங்கம் வைத்த கணக்கு அது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஓடியவர்கள் இருந்தார்கள். ஒன்றில் விளம்பரப் பாட்டு, அடுத்ததில் ஆர் அண்ட் பி, ராத்திரி ஹார்ட் ராக். பெரிய ஆட்களுக்குச் சாமான்களை ஸ்டுடியோவுக்கு ஸ்டுடியோ ஏற்றி இறக்கவே தனி ஆட்கள் இருந்தார்கள். 80-களில் லூக்கதரும், அவருடைய பள்ளி நண்பர் மைக்கேல் லாண்டாவும் பாப் பிராட்ஷா கட்டிக் கொடுத்த, சத்தத்தை மாற்றும் கருவிகள் அடுக்கிய பீரோ உயரத்து ரேக்குகளை வைத்துக்கொண்டு வாசித்தார்கள். காலால் ஒரு பட்டனை மிதித்தால் மொத்தச் சத்தமும் மாறும். அதைப் பார்த்துப் பொறாமைப்படாத கிட்டாரிஸ்ட் அந்தக் காலத்தில் இல்லை, முதுகு வலி யாருக்கு என்று அப்போது யாரும் கேட்கவும் இல்லை.

1982-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் டோட்டோவின் நாலாவது ஆல்பம் வந்தது, அடுத்த வருட கிராமியில் சிறந்த ஆல்பம் என்ற விருதையே வாங்கியது. அதே வருடக் கடைசியில் மைக்கேல் ஜாக்ஸனின் த்ரில்லர். அதில் டோட்டோ ஆட்கள் பல பேர் வாசித்திருக்கிறார்கள். ‘பீட் இட்’ பாட்டின் சோலோ எடி வான் ஹேலனுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாட்டு முழுக்க ஓடுகிற அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, ரிதம் கிட்டார், அதோடு பேஸ் கிட்டாரும் சேர்த்து வாசித்தவர் லூக்கதர். ஜாக்ஸனின் குரலும் எடியின் சோலோவும் இருந்த டேப்புக்குப் பொருந்துகிற மாதிரி ஜெஃப் ட்ரம்ஸும் இவர் கிட்டாரும் பின்னால் சேர்க்க வேண்டியிருந்தது. வீட்டைக் கட்டி முடித்துவிட்டு அஸ்திவாரம் போடச் சொன்ன மாதிரி வேலை. முதலில் இவர் பெரிய ஆம்ப்களை வைத்து கனமான டிஸ்டார்ஷனில், அதாவது கரகரத்த சத்தத்தில் வாசிக்க, தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் இது ரேடியோவுக்கு ரொம்ப முரடு என்று சொல்ல, சின்ன ஃபெண்டர் ஆம்ப்பில் திரும்ப எடுத்தார்கள். நாம் இன்று கேட்பது அந்த இரண்டாவது சத்தம்.

இந்தக் கதையை நான் சொல்லக் காரணம், ஒரு செஷன்காரரின் குணம் முழுக்க அதில் இருக்கிறது. பெரிய சத்தம் உங்களுக்குப் பிடிக்கும், பாட்டுக்கு அது பிடிக்கவில்லை என்றால் முகம் சுளிக்காமல் குறைக்க வேண்டும். லயனல் ரிச்சியின் ஒரு பாட்டுக்கு நேர் எதிரானது நடந்தது. பாட்டை முதல் தடவை கேட்டுக்கொண்டே சும்மா கூடவே வாசித்துப் பார்த்த சோலோவை, போதும் இதுதான் வேண்டும் என்று ரிச்சி வைத்துக்கொண்டார், இவர் இன்னொரு தடவை சரியாக வாசிக்கிறேன் என்று கேட்டும் விடவில்லை. எப்போது திரும்ப வாசிக்கச் சொல்வார்கள், எப்போது முதல் டேக்கே கடைசி டேக் ஆகும் என்று தெரியாது. ஆகவே கையில் இருக்கிற கிட்டார் எந்த நிமிடமும் தயாராக இருக்க வேண்டும், சத்தம் இரைச்சலில்லாமல் வர வேண்டும், ட்யூனிங் நிற்க வேண்டும்.

இப்போது கிட்டாருக்கு வருகிறேன். லூக் என்ற பெயரில் மியூசிக் மேன் முதல் கிட்டாரை 1993-ல் கொண்டுவந்தது. பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற காந்தச் சுருள். அதில் இருந்தவை இஎம்ஜி கம்பெனியின் பிக்கப்கள், பேட்டரியில் ஓடுகிற ஆக்டிவ் வகை. ஸ்டுடியோக்காரர்களுக்கு அந்தப் பிக்கப் ஏன் பிடித்தது என்றால், சாதாரண சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப் கரண்ட் இரைச்சலை அப்படியே வாங்கி உமிழும், லைட் டிம்மர் பக்கத்தில் நின்றால் ‘ங்ங்ங்’ என்று ஓயாமல் சத்தம் வரும். இஎம்ஜியில் அது கிடையாது. நீளமான கேபிள், ரேக், அதற்குப் பின்னால் இன்னொரு ரேக் என்று எவ்வளவு தூரம் போனாலும் சத்தம் மங்காது. பிறகு ரேக் காலம் முடிந்தது. அவரும் சாமான்களைக் குறைத்துக்கொண்டார், விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப மாறுகிற சத்தம் வேண்டும் என்று மூன்றாவது பதிப்பில் டிமார்ஸியோவின் ட்ரான்ஸிஷன் பிக்கப்களுக்கு மாறினார். இவை பாஸிவ், அதாவது பிக்கப்புக்குப் பேட்டரி வேண்டாம். இரண்டு ஹம்பக்கர் (இரைச்சலை அடக்குகிற இரட்டைச் சுருள் பிக்கப்) வைத்த மாதிரி ஒன்று, ஹம்பக்கரோடு இரண்டு சிங்கிள் காயில் வைத்த மாதிரி இன்னொன்று. என்னிடம் இருப்பது இரண்டு ஹம்பக்கர் வகை.

பழைய இஎம்ஜி லூக்கையும் நான் வாசித்திருக்கிறேன். இரவல்தான், சொந்தமில்லை. அதன் சத்தம் பளிச்சென்று, படித்து முடித்த பிள்ளை மாதிரி ஒழுங்காக இருக்கும். மிக்ஸில் உடனே உட்கார்ந்துவிடும். ஆனால் மெதுவாகத் தொட்டாலும் வேகமாக அடித்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. லூக் 3-ல் தெரியும். வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் டிஸ்டார்ஷன் விலகி க்ளீன் வருகிறது, ஏற்றினால் திரும்ப வருகிறது. பாடகர் பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும்போது காலால் எதையும் மிதிக்காமல் சுண்டு விரலாலேயே வேலையை முடிக்கலாம். நடுவில் இருக்கிற சுவிட்ச் இடங்களில் ஹம்பக்கர் பிளந்து சிங்கிள் காயில் போல ஒலிக்கும். ஃபெண்டர் கம்பெனியின் அசல் ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட், அதன் சத்தம் மணி போல இருக்குமே, அப்படி வருமா என்றால் வராது. கச்சேரியில் கீபோர்டும் ரிதம் பேடும் ஓடிக்கொண்டிருக்கும்போது முன் வரிசையில் உட்கார்ந்தவருக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்றால் தெரியாது. 80-களின் ராஜா பாட்டுகளில் வருகிற, கோரஸ் என்ற எஃபெக்ட் போட்டு ஒவ்வொரு கம்பியாகப் பிரித்து வாசிக்கிற இடங்கள் இந்த நடு இடத்தில் நன்றாக வருகின்றன. குத்துப் பாட்டுக்கு அறுத்து அறுத்து அடிக்கிற ரிதமும் அங்கேயேதான்.

அப்புறம் அந்த பூஸ்ட். எனக்கு இந்த கிட்டாரில் ரொம்பப் பிடித்தது இதுதான். வால்யூம் குமிழைத் தட்டினால் சத்தம் ஏறுகிறது, திரும்பத் தட்டினால் இறங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் மேடையில் வாசித்தவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். சோலோ வருகிறது, மிக்ஸரில் இருப்பவர் போனில் பேசிக்கொண்டிருக்கிறார், உங்களை ஏற்றிவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது, நீங்கள் பெடல் போர்டிலிருந்து நாலடி தள்ளிப் பாடகருக்குப் பக்கத்தில் போஸ் கொடுத்து நிற்கிறீர்கள். ஒரு தட்டு. சத்தம் முன்னால் வந்துவிடும். டூர் போகிறவருக்கு இது இன்னும் உதவி. அங்கங்கே வாடகைக்குக் கிடைக்கிற ஆம்ப் என்ன கண்றாவியாக இருந்தாலும் சோலோவுக்கான ஏற்றம் உங்கள் கையிலேயே இருக்கிறது. இதற்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். பையில் எப்போதும் உபரியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி பத்து மணிக்குக் கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் எந்தக் கடையிலும் அது கிடைக்காது.

நெக்கைப் பற்றி நிறையப் பேசலாம். 22 ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகள்), ஸ்ட்ராட்டில் இருக்கிற அதே 25.5 அங்குலக் கம்பி நீளம். நெக்கின் பின்புறம் வார்னிஷ் பூசாமல் எண்ணெயும் மெழுகும் தேய்த்து விட்டிருக்கிறார்கள். வியர்த்த கை ஒட்டாது. பூசின நெக்கில் சென்னை மே மாதம் திறந்தவெளிக் கச்சேரி வாசித்தால் கட்டை விரல் பிசினில் சிக்கியது போலாகும், இதில் அது இல்லை. ஆனால் அதற்கு விலை உண்டு. அழுக்கு ஏறும். ஒரு சீசன் முடிந்தால் ஐந்தாம் ஃப்ரெட்டைச் சுற்றிப் பின்புறம் கறுத்துவிடும், துடைத்து மறுபடி எண்ணெய் போட வேண்டும். வார்னிஷ் இல்லாத மரம் காற்றின் ஈரத்தையும் சீக்கிரம் வாங்கும். நம் கடற்கரை ஊர்களில் நவம்பர் மழைக்கு நெக் ஒரு பக்கம் போகும், ஏசி ஹாலுக்குள் நுழைந்தால் இன்னொரு பக்கம் வரும்.

இந்தக் குறைக்கு மருந்தையும் அவர்களே வைத்திருக்கிறார்கள். நெக்கை நிமிர்த்துகிற ட்ரஸ் ராடின் சக்கரம், உடம்பும் நெக்கும் சேருகிற இடத்தில் வெளியே தெரிகிற மாதிரி இருக்கிறது. நெக்கைக் கழற்ற வேண்டாம், மூடி எதையும் திறக்க வேண்டாம், சின்ன ஸ்க்ரூடிரைவரை ஓட்டையில் விட்டு ஒரு தள்ளு. சவுண்ட் செக்குக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவில் காபி வருவதற்குள் முடித்துவிடலாம். பழைய ஸ்ட்ராட் வகைகளில் இதே வேலைக்கு நெக்கையே கழற்ற வேண்டியிருக்கும், அதை மேடைக்குப் பின்னால் செய்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

தலையில் சுருதி சேர்க்கிற சாவிகள் மேலே நாலு, கீழே இரண்டு. கம்பிகள் நேராக ஓடுகின்றன, ட்யூனர்கள் ஷாலர் லாக்கிங் வகை, கம்பியை இறுக்கிப் பிடிப்பவை. கம்பி மாற்றுவது சீக்கிரம் முடிகிறது. நட், அதாவது நெக்கின் மேல் முனையில் கம்பிகள் உட்காருகிற துண்டு, அதுவும் சாதாரணமானது இல்லை, ஒவ்வொரு கம்பிக்கும் கொஞ்சம் முன்பின்னாக வெட்டியது. இது எதற்கு என்று முதலில் எனக்கு அலட்சியம்தான். ஆனால் கீபோர்டோடு வாசிக்கும்போது முதல் மூன்று ஃப்ரெட்டில் பிடிக்கிற கார்டுகள் லேசாகச் சுருதி ஏறி உறுத்துமே, அது இதில் குறைவு. ட்யூனரில் பச்சை விளக்கு எரிந்தும் பாட்டில் ஏனோ ஒட்டவில்லை என்று தவித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ட்ரெமலோவில்தான் எனக்குச் சண்டை. சுருதியை ஏற்றி இறக்குகிற கைப்பிடி அது, மிதக்கிற வகை, மேலும் இழுக்கலாம் கீழும் அமுக்கலாம். லூக்கதர் அதை மெல்லிய அசைவுக்கு, பாடகரின் குரல் நடுங்குகிற மாதிரி, நீளமான ஸ்வரத்தின் கடைசியில் பயன்படுத்துவார், அது கேட்க அழகு. நமக்கும் கமகம் மாதிரி ஒன்றிரண்டு இடத்தில் உதவும். ஆனால் கம்பிகள் மாட்டிய பாலம் இப்படி மிதக்கிறபோது ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும். அவருக்குப் பக்கவாட்டில் ட்யூன் செய்த இன்னொரு கிட்டாரோடு ஆள் நிற்பார். நமக்கு யார் நிற்பார்கள், தவில்காரரா? நான் பின்னால் மரக்கட்டை வைத்து மேலே போகாமல் தடுத்துவிட்டேன், கீழே மட்டும் போகும். இதைச் செய்தால் கிட்டாரின் பாதி மகத்துவம் போச்சு என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் மழைக்கால ஓப்பன் கிரவுண்டில் வாசித்திருக்க மாட்டார்கள்.

இதனால் முடியாததையும் சொல்ல வேண்டும். ரஹ்மான் பாட்டுகளில் வருகிற நைலான் கிட்டார் இடங்களுக்கு இது உதவாது, அதற்குத் தனி கிட்டார் எடுத்துத்தான் போக வேண்டும். ஃபெண்டரின் இன்னொரு மாடலான டெலிகாஸ்டரின் அந்த ஊசி மாதிரிக் குத்துகிற சத்தம் வராது. இப்போதைய படங்களில் வருகிற, தாழ்த்திச் சுருதி வைத்து வயிற்றைக் கலக்குகிற ரிஃப்களுக்கு வாசிக்கலாம், ஆனால் ஏழு கம்பி கிட்டார் வைத்திருக்கிறவன் பக்கத்தில் நின்றால் கொஞ்சம் நாகரிகமாகத் தெரிவோம்.

இதை வாங்கலாமா என்று எனக்கே குழப்பமாக இருந்தபோது லூக்கதரின் பிற்கால வாழ்க்கையைத்தான் யோசித்தேன். 1992-ல் ஜெஃப் பொர்காரோ இறந்தார், வயது 38தான். பிறகு டோட்டோவைத் தூக்கிக்கொண்டு நடந்தது பெரும்பாலும் இவர்தான். 2008-ல் விலகினார். 2010-ல் ஜெஃபின் தம்பியும் டோட்டோவின் பேஸ் கிட்டாரிஸ்டுமான மைக் பொர்காரோ நோயில் விழுந்தபோது அவருக்கு உதவுவதற்காக மறுபடி சேர்ந்தார்கள். 2012-லிருந்து பீட்டில்ஸ் ட்ரம்மர் ரிங்கோ ஸ்டாரின் ஆல் ஸ்டார் பேண்டில் வாசிக்கிறார். அந்தக் குழுவின் விதி என்னவென்றால் ரிங்கோ பாட்டும் உண்டு, கூட நிற்கிற ஒவ்வொருவரும் தங்கள் ஹிட்டையும் பாடலாம், மற்றவர்கள் அதற்கு வாசிக்க வேண்டும். 2012 குழுவில் சந்தானா பேண்டின் பழைய பாடகர் கிரெக் ரோலி, மிஸ்டர் மிஸ்டர் பேண்டின் ரிச்சர்ட் பேஜ், பாடகர் டாட் ரண்ட்க்ரன் எல்லாம் இருந்தார்கள். ஒரே ராத்திரியில் சந்தானா மாதிரி, ஜார்ஜ் ஹாரிஸன் மாதிரி, தன்னை மாதிரி, மூன்றும் வாசித்தாக வேண்டும்.

நம் ஊர் லைட் மியூசிக் ஆர்கெஸ்ட்ராவுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்கள். சம்பளத்தைத் தவிர. எம்எஸ்வி, ராஜா, ரஹ்மான், யுவன், அனிருத் என்று வரிசையாக வரும். ஒவ்வொருவர் பாட்டிலும் அசல் ரெக்கார்டில் வாசித்த கிட்டாரிஸ்ட் வேறு, சாமான் வேறு, காலம் வேறு. கூட்டத்துக்கு எல்லாமே அசலைப் போல இருக்க வேண்டும். கிராமி வாங்கி, சொந்த பேண்டில் முன்னால் நின்று பாடின ஆள், அறுபது வயதுக்கு மேலும் அடுத்தவர் பாட்டுக்கு அடக்கமாக ரிதம் வாசிக்கிறார், அதற்கு இதே லூக் வரிசை கிட்டாரை மாட்டிக்கொண்டு போகிறார். எனக்கு அது போதுமான சிபாரிசாக இருந்தது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் நியாயமில்லை. லூக்கதர் ஓடின அந்த மூன்று வேளை செஷன் வாழ்க்கை இன்று லாஸ் ஏஞ்சலஸிலேயே அப்படி இல்லை. முதலில் ட்ரம் மெஷின் வந்தது, பிறகு சாம்ப்ளர், பிறகு கம்ப்யூட்டரில் வீட்டிலேயே ரெக்கார்டிங். இங்கேயும் 90-களில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பது குறைந்து, ஒவ்வொருவராக வந்து ட்ராக் கொடுத்துவிட்டுப் போவது என்றாகிவிட்டது. இப்போது போவதுகூட இல்லை, ஃபைல் வரும், வீட்டில் வாசித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆகவே பிழைப்பு டூர் பக்கம் சாய்ந்துவிட்டது. துபாய், சிங்கப்பூர், மலேசியா, கனடா என்று பாடகரோடு போகிற கிட்டாரிஸ்டுக்கு ஸ்டுடியோவைவிட மேடையில்தான் வீட்டு வாடகை வருகிறது. விமானத்தில் ஒரு கிட்டாருக்கு மேல் எடுத்துப் போக எந்த ஏற்பாட்டாளரும் காசு தர மாட்டார். அந்த ஒன்று எதுவாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இது நல்ல பதில். ஆனால் தொடக்கத்தில் இருக்கிறவர்கள், மாதத்துக்கு நாலு கச்சேரி கிடைத்தால் பெரிய விஷயம் என்று இருப்பவர்கள், கடன் வாங்கி இதை எடுக்காதீர்கள். இரண்டு ஹம்பக்கரும் காயில் பிளக்கிற வசதியும் இருக்கிற நடுத்தர விலை கிட்டார், நல்ல செட்டப் (கம்பி உயரத்தையும் சுருதியையும் சரி செய்வது), ஒரு பூஸ்ட் பெடல், இதை வைத்து இந்த கிட்டாரின் வேலையில் முக்கால்வாசியை முடிக்கலாம். மிச்சம் கால்வாசிக்குத்தான் இவ்வளவு விலை, அந்தக் கால்வாசி உங்களுக்குச் சம்பாதித்துத் தருமா என்று பாருங்கள்.

பழையது வாங்குவதாக இருந்தால் சில விஷயங்கள். பூஸ்ட் குமிழை இருபது தடவையாவது தட்டிப் பாருங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ட்ரஸ் ராட் சக்கரம் இரண்டு பக்கமும் சுழல்கிறதா என்று விற்பவர் முன்னாலேயே பாருங்கள், சக்கரத்தின் ஓட்டைகள் தேய்ந்திருந்தால் யாரோ பலவந்தம் பண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பேட்டரிப் பெட்டியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் விற்ற இடத்தில் ‘செட்டப் பண்ணியாச்சு சார்’ என்றார்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் கம்பி உயரம் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் மடு. அதனால் செட்டப் செலவைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரெட் தேய்மானத்தைப் பார்க்க இரண்டாம் கம்பியை பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் இழுத்துப் பாருங்கள், சத்தம் நடுவில் செத்தால் அங்கே தேய்ந்திருக்கிறது. கடைசியாக, கம்பெனிப் பெட்டியோடு கேளுங்கள். பெட்டி தனியாக வாங்கப் போனால் அதுவும் ஒரு விலை, விற்பவருக்கு வீட்டில் அது இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்.